மெயின் கேட்டுக்கு ஓடச் சொன்னது யார்

அன்புள்ள ஆல்பர்ட்,

நீ சுகமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனசு வரவில்லை. நீ சுகமாக இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். வீட்டுப் பக்கமே வருவதில்லை. போன் போட்டால் எடுக்கிறாய், "மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் பேசுறேன்" என்கிறாய், வைத்துவிடுகிறாய். போன ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில்கூட உனக்கு மீட்டிங். அப்படி யாரோடுதான் மீட்டிங் போடுகிறாயோ, தெரியவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது இல்லையா? சிதம்பரத்தில், ஆஸ்பத்திரியில், எங்கள் கம்பெனி மாலாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் இப்போதுதான் கண் அசந்தாள். மூக்கில் குழாய் இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் ஒரு கரகரப்பு கேட்கிறது. அது கொஞ்சம் நின்றால்கூட என் கை நின்றுவிடுகிறது, நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தையை எழுதுகிறேன்.

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது, விஷயத்துக்கு வருகிறேன். வருகிற திங்கட்கிழமை கடலூரில் கேஸ் லீக் விசாரணை. கம்பெனி தன் பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டது. தொழிலாளிகளுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்தோம், கேஸ் லீக் ஆனால் காற்று அடித்துக்கொண்டு போகும் பக்கம் ஓடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தோம், மாலா அதை மீறி கேஸ் போன பக்கமே ஓடினாள், இது அவளுடைய கவனக்குறைவு. இவ்வளவுதான் அவர்கள் சொல்வது. அதிகாரி இதை அப்படியே ஏற்றுக்கொண்டால் மாலாவுக்கு இனிமேல் வேலை கிடையாது. வைத்தியத்துக்குக் கம்பெனி பொறுப்பும் கிடையாது. இதற்கெல்லாம் அவர்களுக்கு ஒரே ஒரு சாட்சிதான் வேண்டும், அது நீ. நீ போய் "ஆமா சார், நான் கிளாஸ்ல சொல்லிக் குடுத்தேன்" என்று சொன்னால் போதும், மாலாவின் கதை முடிந்தது. அது பொய்யும் இல்லை. நீ பொய் சொல்வாய் என்று நான் பயப்படவில்லை, பாதியைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவாய் என்றுதான் பயப்படுகிறேன்.

இதை நான் ஒளித்து எழுதவில்லை. உன் அப்பா படிக்கலாம், மாலா படிக்கலாம், எங்கள் பாக்கிங் செக்‌ஷனில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நாளைக்கு வேறு ஏதாவது கம்பெனியில் மைக்கைப் பிடித்துப் பாடம் நடத்தப் போகிற வேறு எந்தப் பிள்ளையும் படிக்கலாம்.

நீ எங்கள் கம்பெனிக்குப் பயிற்சி கொடுக்க வருகிறாய் என்று தெரிந்த அன்றைக்கு எனக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சம் இல்லை. செம்மங்குப்பம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இத்தனை கம்பெனி இருக்க, உன்னை வேலைக்கு வைத்திருக்கும் சென்னைக்காரர்கள் உன்னை நான் வேலை செய்கிற இடத்துக்கே அனுப்பினார்கள். வீட்டில் நீ எனக்குப் போட்ட முதல் கண்டிஷன் என்ன தெரியுமா? "அம்மா, அங்க வந்து தம்பி, ராசான்னுல்லாம் கூப்புடாத. சார்னு கூப்புடு." சரி என்றேன். அன்று நீ ஹாலுக்குள் வந்ததும் நான் எழுந்து நின்று, "குட்மார்னிங் சார்" என்றேன். மாலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "ஏங்கா, காலையில இவருக்குத்தான் தோசை சுட்டுப் போட்டுட்டு வந்தீங்களா?" என்று காதில் கேட்டாள். நீ அதைக் கண்டுகொள்ளாத மாதிரி லேப்டாப்பைத் திறந்தாய். உன் காது சிவந்துவிட்டது, நான் பார்த்தேன்.

உனக்கு முன்னாலும் எங்களுக்கு எத்தனையோ பேர் டிரெயினிங் கொடுத்திருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து, கால் கடுக்க நின்ற பிறகு, ஹாலில் உட்கார வைப்பார்கள். லைட்டை அணைத்துவிட்டு இங்கிலீஷில் படம் போடுவார்கள். ஏசி காற்று, இருட்டு, மெத்தை வைத்த நாற்காலி. தூங்காமல் என்ன செய்வோம்? காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்று கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசியில் ஒரு தாள் கொடுப்பார்கள், எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' என்று டிக் அடித்துவிட்டு, சமோசாவை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். டிரெயினிங் என்றால் எங்களுக்கு அதுதான். கம்பெனிக்கும் அதுதான். கையெழுத்து வாங்கியாகிவிட்டதா, சரி.

நீ அப்படி நடத்தவில்லை. அதை நான் யார் முன்னாலும் சொல்வேன். லைட்டை நீ அணைக்கவே இல்லை. எங்கள் பேச்சிலேயே பேசினாய். இரண்டாவது நாள் எல்லோரையும் வெளியே கூட்டிப்போய் ஊதுபத்தி கொளுத்தி எங்கள் கையில் கொடுத்தாய். புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கச் சொன்னாய். பிறகு ஷெட் கூரைக்கு மேலே தொங்கும் ஆரஞ்சுப் பையைக் காட்டி, "மூக்க நம்பாதீங்க, அந்தப் பையப் பாருங்க. அது எந்தப் பக்கம் நீட்டுதோ அந்தப் பக்கம் போவாதீங்க" என்றாய். அத்தனை வருஷமாக அந்தப் பை அங்கேதான் ஆடிக்கொண்டிருந்தது. காக்கா விரட்டக் கட்டியிருக்கிறார்கள் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். மாலா அன்று கையைத் தூக்கினாள். "சார், எங்க வீட்டுக்காரரு வேல செய்யிற ரைஸ்மில்லுலயும் இப்படித்தான். காத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நின்னா தவுடு பூரா மூஞ்சியில வந்து அடிக்கும்" என்றாள். "சூப்பர் அக்கா! எல்லாரும் கை தட்டுங்க" என்றாய். அவள் நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேசி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதன் பிறகு ஒரு மாதம் அவள் வேலைக்குள் நுழையும்போதெல்லாம் கூரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் யூனிபார்ம் கோட்டை மாட்டினாள். "இன்னிக்கு காத்து மேக்கால இருந்துக்கா" என்று எனக்கு நியூஸ் வாசிப்பாள். ஒரு பாடம் ஒரு மனுஷிக்குள் இறங்கினால் எப்படி இருக்கும் என்று நான் கண்ணால் பார்த்தேன். உன்னைப் பெற்ற வயிறு குளிர்ந்தது, அதை உன்னிடம் நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அதற்கப்புறம் அந்த முதல் கேஸ் லீக் ஒத்திகை. ஆல்பர்ட், இதை நீ எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாயோ தெரியாது. நான் இந்த ஸ்டூலில் உட்கார்ந்து அதைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம். கடல் காற்று ஏறியிருந்தது. மெயின் கேட்டில், ரோட்டுப் பக்கம், காலையிலேயே பேனர் கட்டி, நாற்காலி போட்டு, டீ கேனும் மிக்சர் பொட்டலமும் அடுக்கி வைத்திருந்தார்கள். போட்டோகிராபர் வந்திருந்தான். சைரன் அடித்தது. நாங்கள் எல்லோரும் கும்பலாக மெயின் கேட்டுக்கு ஓடினோம். ஏன் என்று கேட்டால், மேனேஜர் அங்கே நின்றுகொண்டிருந்தார், டீ அங்கே இருந்தது, அவ்வளவுதான். மாலா ஷெட் வாசலில் நின்றாள். தலையைத் தூக்கிப் பையைப் பார்த்தாள். அது மெயின் கேட் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. திரும்பி, கடல் பக்கம் இருக்கும் பின்கேட்டுக்கு நடந்தாள். அவளைப் பார்த்து இன்னும் சில பேர் பின்னாடியே போனார்கள். நீ சொல்லிக் கொடுத்ததை அந்தக் கும்பலில் அவள் மட்டும்தான் செய்தாள்.

மெயின் கேட்டில் தலை எண்ணினால் ஆள் குறைகிறது. மறுபடி எண்ணுகிறார்கள். செக்யூரிட்டி விசிலை ஊதிக்கொண்டு ஓடுகிறான். மேனேஜர் வாட்சைப் பார்க்கிறார், உன்னைப் பார்க்கிறார். குறித்த நேரத்துக்குள் எல்லோரும் சேர்ந்தார்கள் என்று ரிப்போர்ட் எழுத முடியாமல் போய்விட்டது. கடைசியில் பின்கேட்டிலிருந்து அவர்களைக் கூட்டிவந்தார்கள். மாலா முகத்தில் சிரிப்பு, பரீட்சையில் முதல் ரேங்க் வாங்கின மாதிரி வருகிறாள். மேனேஜர் உன் காதில் ஏதோ சொன்னார். நீ மைக்கை வாங்கினாய். "அக்கா, நீங்க செஞ்சது பாடத்துல இருக்குறபடி கரெக்ட்தான். ஆனா நமக்கு அசெம்பிளி பாயிண்ட், எல்லாரும் கூடுற எடம், மெயின் கேட்டு. உங்க நாலஞ்சு பேரால எல்லாருக்கும் டைம் போயிடுச்சு பாருங்க. அடுத்த தடவ எல்லாரும் எங்க போறாங்களோ அங்கியே வந்துடுங்க, சரியா?" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய், கோபமாகச் சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு விடாமல், "அவளுக்கு எப்பவுமே தனி ரூட்டுதான் சார்" என்று எடுத்துக் கொடுத்தேன். என் பிள்ளை மேனேஜர் முன்னால் சங்கடப்படுகிறானே என்று சொன்னேன், வேறு எதுவும் யோசிக்கவில்லை. மாலா தலையைக் குனிந்துகொண்டு டீயை வாங்கினாள். ஆறிப்போகும் வரை கையில் வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்த ஒத்திகை எல்லாம் காலையில்தான். சென்னையிலிருந்து பெரியவர்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் இல்லையா. முந்தின நாளே சொல்லிவிடுவார்கள். நாங்களும் தலை சீவி, ஷூ கயிற்றைக் கட்டித் தயாராக நிற்போம். காலையில் கடல் காற்று கிடையாது, பை எங்கே நீட்டினாலும் யாரும் பார்ப்பதும் கிடையாது. சைரன் அடித்தால் மெயின் கேட், பேனர், டீ, மிக்சர், போட்டோ. மாலா மாறிவிட்டாள். சொன்னால் கேட்டுக்கொள்கிற பெண் அவள், ஒருமுறை பேர் கெட்டதை மறக்க மாட்டாள். சைரன் வாயைத் திறக்கும் முன்னால் அவள் கால் கிளம்பிவிடும். எல்லோருக்கும் முன்னாடி போய் நிற்பாள். கடைசி ஒத்திகையில் சிறந்த பங்கேற்பாளர் என்று நீதான் அவளுக்கு ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தாய். அந்தப் போட்டோ ஆபீஸ் சுவரில் இன்னும் தொங்குகிறது. உன்னுடைய ரிப்போர்ட்டில் எங்கள் பாக்கிங் செக்‌ஷன்தான் எஸ்டேட்டிலேயே நல்ல முன்னேற்றம் காட்டியது என்று எழுதினாயாம். அதைப் பார்த்துத்தான் சென்னையில் உனக்குப் பெரிய வேலை என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நான் அந்தோணியார் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன்.

பிறகு கேஸ் டேங்க் லீக் ஆன அந்த மத்தியானம். ஒத்திகை இல்லை, யாரும் முந்தின நாள் சொல்லவில்லை. சைரன் அடித்தது. ஆல்பர்ட், ஒருத்திகூடக் கூரையைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. கால் தானாக மெயின் கேட்டுக்குப் போனது. மாலா எல்லோருக்கும் முன்னாடி. எனக்கு முட்டி வலி, நான் பின்தங்கிவிட்டேன், அதனால்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். லாரி எடை போடும் மேடை வரைக்கும் போயிருப்பாள், அதற்குள் நெடி வந்து மூஞ்சியில் அடித்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. முன்னால் போனவர்கள் இருமுகிறார்கள், விழுகிறார்கள். யாரோ "பின்னாடி போங்க, பின்னாடி போங்க" என்று கத்துகிறார்கள். மற்றவர்கள் தட்டுத்தடுமாறித் திரும்பிவிட்டார்கள். மாலா திரும்பவில்லை. கேட்டைத் தொட்டுவிடலாம் என்று இன்னும் நாலு எட்டு முன்னால் போய்த்தான் விழுந்தாள். செக்யூரிட்டியும் லோடுமேன்களும் மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு போய் அவளை இழுத்து வந்தார்கள். பின்கேட் பக்கம் போய் உட்கார்ந்த பிறகுதான் நான் தலையைத் தூக்கினேன். ஆரஞ்சுப் பை விறைப்பாக மெயின் கேட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் காற்று சுத்தமாக, ஜில்லென்று வந்தது.

மறுநாள் நீ போனில் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "அம்மா, நான் சொன்னேம்மா. ஸ்லைடுல இருக்கு. ஊதுபத்தி வெச்சு காட்டியே குடுத்தேன். அவுங்க ஃபாலோ பண்ணலன்னா நான் இன்னா பண்றது?" நான் போனை வைத்துவிட்டேன். பேசியிருந்தால் அன்று கேட்கக் கூடாததைக் கேட்டிருப்பாய்.

நீ லைசென்ஸ் எடுத்த கதை ஞாபகம் இருக்கிறதா? ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் பிள்ளை எட்டுப் போடும்போது காலை ஊன்றினால் மானம் போய்விடும் என்று அப்பா உன்னைத் தினமும் காலையில் மைதானத்துக்குக் கூட்டிப்போய் வண்டியை வளைத்து வளைத்து ஓட்ட வைத்தார். டெஸ்டில் நீ போட்ட எட்டைப் பார்த்து அந்த இன்ஸ்பெக்டரே, "யாருய்யா கத்துக்குடுத்தது?" என்று கேட்டாராம். அப்பா அன்றைக்குத் தெரு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அடுத்த நாள் ஆல்பேட்டையில் பின்னால் வந்த பஸ் ஒரு ஹாரன் அடித்தது, அவ்வளவுதான். நீ இரண்டு கையையும் ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துக் காதைப் பொத்திக்கொண்டாய்! வண்டி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம், சாக்கடையில். தலையிலிருந்து கால் வரை சேறோடு வந்து நின்றாய். அப்பா அடிப்பார் என்று நான் நடுவில் வந்து நின்றேன். அவர் அடிக்கவில்லை. "இவன் மேல தப்பு இல்ல. பஸ்ஸே வராத எடத்துல ஓட்டக் கத்துக் குடுத்தது நானு" என்றார். மறுநாளிலிருந்து உன்னையே பைக்கை ஓட்ட வைத்து பாண்டி ரோட்டில், பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில், பக்கத்திலேயே தன் ஆட்டோவை ஓட்டிக்கொண்டு வந்தார். லைசென்ஸ் உன் பாக்கெட்டில் இருந்தது, டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டாய், இனி உன் பாடு என்று அவர் சொல்லவில்லை. கற்றுக்கொடுத்தவன் அப்படிச் சொல்ல மாட்டான்.

அதே அப்பாதான் இப்போது என்னோடு சண்டை பிடிக்கிறார். நான் இந்தக் கடிதம் எழுதப் போகிறேன் என்றதும் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "பெத்த புள்ள சோத்துல மண்ண அள்ளிப் போடுறியே, நீயெல்லாம் ஒரு அம்மாவா?" என்று கேட்டார். "அவன் சென்னைக்குப் போயி நாலு காசு பாக்குற நேரத்துல உனக்கு ஊரு நியாயம் தேவையா?" என்று கேட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் பயப்படுகிறார். நானும்தான் பயப்படுகிறேன், நான் என்ன கல்லா? நீ உள்ளதைச் சொன்னால் உன் கம்பெனி உன்னைச் சும்மா விடாது என்று எனக்குத் தெரியும். சென்னை வேலை கைநழுவலாம். இருக்கிற வேலையும் போகலாம். எஸ்டேட்டில் உன்னை இனி ஒருத்தரும் உள்ளே கூப்பிடாமல் போகலாம். உனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருக்கும் இந்த நேரத்தில் இதெல்லாம் என்ன ஆகுமோ. இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வராண்டாவில் நடந்துவிட்டு வந்தேன்.

ஆனால் மாலா என்ன சொன்னாள் என்று உனக்குத் தெரிய வேண்டும். நேற்று அவளுக்குப் பேசக் கொஞ்சம் தெம்பு வந்தது. அதிகாரி அனுப்பிய ஆள் வந்து அவளிடம் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போனார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "டிரெயினிங் எல்லாம் நல்லாத்தான் குடுத்தாங்க சார். நான்தான் பதட்டத்துல மறந்துட்டேன். தப்பு என் பேர்லதான்" என்றாள். யாரும் மிரட்டவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் போன பிறகு, "ஏண்டி இப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். "ஆமாங்கா, சார் எவ்ளோ தெளிவா ஊதுபத்தி எல்லாம் வெச்சு சொன்னாரு. நான் அந்தப் பையப் பாக்காம வுட்டுட்டேன் பாருங்க. நான் ஒரு மரமண்ட. பாவம், உங்க புள்ளைக்கும் என்னால கெட்ட பேரு" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அவளுடைய வீட்டுக்காரர் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரும் தலையை ஆட்டுகிறார், அவரும் தன் பெண்டாட்டி மேல்தான் தப்பு என்று நம்புகிறார்.

அவள் மறக்கவில்லை ஆல்பர்ட். நீ முதலில் சொல்லிக் கொடுத்ததைச் செய்தாள், நாம் எல்லோரும் சேர்ந்து சிரித்து அதை அவளிடமிருந்து பிடுங்கினோம். நீ இரண்டாவதாகச் சொல்லிக் கொடுத்ததையும் செய்தாள், அதற்கு ஹாட்பாக்ஸ் கொடுத்தோம். அவளைப் போல உன் வகுப்பில் கற்றுக்கொண்டவள் வேறு யாரும் இல்லை. நான் உட்பட மற்றவர்கள் எல்லோரும் கும்பலோடு ஓடினவர்கள். இப்போது நுரையீரல் வெந்து கிடக்கும்போது, தான் படிக்காத முட்டாள் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். உடம்பு தேறினாலும் தேறும், இந்த நினைப்பு அவளை விட்டுப் போகாது. அதை எடுக்க உன்னால்தான் முடியும். நான் சொன்னால், "அக்கா எனக்கு ஆறுதல் சொல்றாங்க" என்பாள்.

நீ ஆஸ்பத்திரிக்கு வந்தது எனக்குத் தெரியும். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாயா? சாத்துக்குடிப் பையை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, கதவுக்கு வெளியே நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாய். நான் வராண்டாவில் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். உன் முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். போன சனிக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றதையும் பார்த்தேன். கல்லூரிக்குப் போன பிறகு நீ அந்த வரிசையில் நின்று நான் பார்த்ததே இல்லை. நீ ஃபாதரிடம் என்ன சொன்னாய் என்று நான் கேட்க மாட்டேன், அது உனக்கும் ஆண்டவருக்கும் நடுவில். ஆனால் அந்தக் கூண்டுக்குள் சொன்னதைக் கடலூரில் அந்த மேஜைக்கு முன்னால் சொன்னால்தான் மாலாவுக்குப் பிரயோஜனம். ஆண்டவர் உன்னை மன்னித்துவிடுவார். அவர் வந்து சாட்சி சொல்ல மாட்டார்.

உன்னை நான் கொலைகாரன் என்று சொல்லவில்லை. தப்பாகப் புரிந்துகொள்ளாதே. அந்த டேங்கைப் பராமரிக்காமல் விட்டது நீ இல்லை. மெயின் கேட்டில் பேனர் கட்டச் சொன்னது நீ இல்லை. மேனேஜர் காதில் ஓதாமல் இருந்திருந்தால் நீ அன்று மாலாவுக்குக் கைதட்டச் சொல்லியிருப்பாய், எனக்குத் தெரியும். எல்லாப் பழியையும் தலையில் தூக்கிப் போட்டுக்கொள் என்று நான் கேட்கவில்லை. முதல் ஒத்திகையில் மாலா சரியான பக்கம்தான் போனாள், அவளைக் கூப்பிட்டு இந்தப் பக்கம் வா என்று சொன்னது நான், சொல்லச் சொன்னது மேனேஜர் என்று மட்டும் சொல். அது போதும். அதற்கு மேல் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று அதிகாரி பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றும் யோசித்துப் பார். நீ வாயை மூடிக்கொண்டால் சென்னைக்குப் போவாய். பெரிய நாற்காலி, உனக்குக் கீழே நாலு டிரெயினர். நீ போட்டுக் கொடுத்த அதே ஒத்திகையை அவர்கள் எஸ்டேட் முழுக்க நடத்துவார்கள். எங்கள் கம்பெனியில் நன்றாக வேலை செய்தது என்று உன் ரிப்போர்ட்டே சொல்கிறதே. எங்கேயோ ஒரு ஷெட் வாசலில் இன்னொரு மாலா தலையைத் தூக்கிக் கூரையைப் பார்ப்பாள். அவளையும் மைக்கில் கூப்பிட்டு டீக்கு வரச் சொல்வார்கள். நீ அதைத் தடுக்காமல் சம்பளம் வாங்குவாய். அந்தச் சம்பளத்தில் எனக்கு ஒரு புடவை எடுத்துக்கொண்டு தீபாவளிக்கோ கிறிஸ்மஸுக்கோ வந்தால், நான் வாங்கிக்கொள்வேன் என்று நினைக்காதே.

விசாரணை ஆபீஸிலிருந்து எனக்கும் போன் வந்தது. பாக்கிங் செக்‌ஷன் சார்பாக நானும் திங்கட்கிழமை வர வேண்டுமாம். முதலில் மேனேஜர், அடுத்தது டிரெயினர், அதற்கப்புறம்தான் தொழிலாளிகள் என்று சொன்னார்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் உள்ளே இருக்க முடியாது. ஆகவே நீ பேசும்போது நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. வெளியே வரும்போது உன் முகத்தை நான் பார்க்க மாட்டேன், பார்த்தால் என் வாய் மாறிவிடும். நேராக உள்ளே போவேன். முதல் ஒத்திகையில் என்ன நடந்தது என்று சொல்வேன். நான் சிரித்ததையும் சொல்வேன். மாலாவை மெயின் கேட்டுக்கு ஓடச் சொன்னது யார் என்று அவர் கேட்பார். என் மகன் ஆல்பர்ட் என்று சொல்வேன்.

எனக்கு முன்னால் நீ அதைச் சொல்லியிருந்தால், நான் சொல்வது உனக்குச் சாட்சி. நீ சொல்லாமல் வந்திருந்தால், அதே வார்த்தை உனக்கு எதிரான சாட்சி. என்னிடம் இருப்பது அந்த ஒரு வார்த்தைதான், ராசா. உனக்காக அதை என்னால் மாற்ற முடியாது. எனக்கு முன்னால் உள்ளே போகப் போவது நீ.

அம்மா